விதி முந்தியதா, வழக்கம் முந்தியதா? அன்றாட மிதிவண்டியின் மணி, விளக்கு, உடை, தலைக்கவசம் பற்றி

நெடுவழி (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம்.

நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் வேலைக்கு மிதிவண்டியில் சென்று வருகிறேன். சென்ற வாரம் என் மகள் தனக்கென ஒரு புதிய வண்டி வாங்கினாள். அதை என் பழைய வண்டிக்கு அருகில் நிறுத்தியபோதுதான், இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் எவ்வளவு குறைவான ஒற்றுமை இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. என் வண்டியில் டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் டைனமோ, முழுச் செயின் கவர், இரும்புக் கம்பிகளால் இழுபடும் பிரேக், கனத்த மட்கார்டு, வட்டமான பெரிய மணி ஆகியவை இருக்கின்றன. அவள் வண்டியில் செல்பேசியைப் போல மின்னேற்றிக்கொள்ளும் விளக்கும் டிஸ்க் பிரேக்கும் இருக்கின்றன. மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை. ஆனால் அவள் தலைக்கவசம் அணிகிறாள், இரவில் ஒளிரும் மேற்சட்டை அணிகிறாள். நானோ பேண்டின் அடியை ஒரு கிளிப்பால் கவ்விக்கொள்வதோடு சரி.

“உங்கள் காலத்தில் விதிகளே இல்லையா, அல்லது இருந்தும் நீங்கள் பின்பற்றவில்லையா?” என்று அவள் கேட்டாள். என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. விளக்கில்லாமல் இரவில் போகக் கூடாது என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அது விதியாகத் தெரிந்ததா, பெரியவர்களின் கண்டிப்பாகத் தெரிந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஆகவே வரலாறு அறிந்தவர்களிடம் என் கேள்வி இது. மிதிவண்டிக்கான விதிகளும் கருவிகளும் உடைகளும் எந்த வரிசையில் மாறின? மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் சட்டம் பின்னால் வந்து எழுதிக்கொண்டதா, அல்லது சட்டம் சொன்ன பிறகு மக்கள் பழகிக்கொண்டார்களா? பந்தய வண்டிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வருகிற சாதாரண ஓட்டத்தைப் பற்றியே கேட்கிறேன்.


ஆரக்கால் (மறுமொழி):

நல்ல கேள்வி. ஆனால் விதி, வழக்கம் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இதற்கு விடை கிடைக்காது என்று கருதுகிறேன். சாலையில் மிதிவண்டியோடு கூடச் செல்பவர் யார், அவர் எவ்வளவு வேகமாகச் செல்கிறார் என்பதே அந்த மூன்றாவது. மிதிவண்டி விதிகள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும், மாற்றத்தின் காரணம் பெரும்பாலும் மிதிவண்டிக்கு வெளியேதான் இருந்திருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். 1817-இல் கார்ல் டிரைஸ் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் தம் ஓடுபொறியை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் கிடையாது. கால்களால் தரையை உந்திச் செல்ல வேண்டும். கரடுமுரடான வண்டிப்பாதையில் அது தடுமாறியதால் ஓட்டியவர்கள் நடைபாதைக்கு ஏறினார்கள், நகர நிர்வாகங்கள் அங்கே அதைத் தடைசெய்தன. ஆக, இரு சக்கர வண்டி சந்தித்த முதல் விதியே, நடப்பவரை அதனிடமிருந்து காப்பதற்காக எழுந்த விதி. அந்த நாளில் சாலையில் ஆபத்தானவராகக் கருதப்பட்டவர் மிதிவண்டிக்காரர்தான் என்பதை மறந்துவிட்டால் அடுத்து வந்த எதுவும் விளங்காது.

பெரிய முன்சக்கர வண்டிகள் ஓடிய 1870களிலும் இதே நிலைதான். மிதிவண்டி என்பது சட்டத்தின் கண்ணில் என்ன பொருள் என்பதே அப்போது தீர்மானமாகவில்லை. இங்கிலாந்தில் 1879-இல் டெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கில், வெறித்தனமான வேகத்தில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் 1835-ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டிக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரை வண்டிகளுக்காக எழுதப்பட்ட சட்டத்தில் மிதிவண்டி இவ்வாறு நுழைந்தது. பின்னர் 1888-இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு, மிதிவண்டியை வண்டி வகைகளில் ஒன்றாக வெளிப்படையாகவே அறிவித்தது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த துணைவிதிகளை அது ஒரேயடியாக நீக்கிவிட்டு, நாடு முழுவதற்கும் இரண்டு கடமைகளை வைத்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல், உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும் என்பது ஒன்று. வண்டியையோ குதிரையையோ நடப்பவரையோ முந்தும்போது மணியாலோ ஊதலாலோ வேறு வகையாலோ முன்கூட்டி ஒலி எழுப்ப வேண்டும் என்பது மற்றொன்று.

மணிக்கு ஏன் இத்தனை முதன்மை? ஓசையின்றி வருவதுதான் மிதிவண்டியின் இயல்பு. குளம்போசையும் சக்கர ஓசையும் இல்லாமல் பின்னாலிருந்து திடீரெனத் தோன்றும் ஒன்றைக் கண்டால் குதிரை மிரளும். குதிரை மிரண்டால் வண்டி கவிழும். எனவே அந்தக் கால விதி மிதிவண்டிக்காரரிடம் “நீ வருவதை அறிவி” என்று கேட்டது. அந்தக் கட்டளை 1930-இல் அங்கே நீக்கப்பட்டது. இன்று பிரிட்டனில் புதிய மிதிவண்டியை விற்கும்போது மணி இருக்க வேண்டும், ஓட்டும்போது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரான்சிலோ ஐம்பது மீட்டர் தொலைவுக்குக் கேட்கும் மணி இன்றும் கட்டாயம். சாலைப் போக்குவரத்துக்கான 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 44-ஆம் பிரிவு, மிதிவண்டிக்குத் திறமான பிரேக், போதிய தொலைவு கேட்கும் மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்னும் பின்னும் விளக்கு காட்டும் வசதி ஆகியவற்றைக் கேட்கிறது. மணியைத் தவிர வேறு ஒலிக்கருவி கூடாது என்றும் சொல்கிறது.

இனி விளக்கு. என் பார்வையில் இந்த வரலாற்றின் மையமே இதுதான். 1888-இன் சட்டம் கேட்டது முன்விளக்கை மட்டுமே. பின்விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை, மோட்டார் வண்டிகள் மிதிவண்டிகளைப் பின்னாலிருந்து வேகமாக நெருங்கத் தொடங்கிய பிறகு எழுந்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் மிதிவண்டிக்காரர்களே என்று சொன்னால் இன்று பலர் வியப்படைவார்கள். பிரிட்டனில் 1878-இல் தொடங்கப்பட்ட சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் பல்லாண்டுகள் அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியது. அவர்களுடைய வாதம் எளிமையானது. தன் விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் வண்டியை நிறுத்த முடியாத வேகத்தில் ஒருவர் ஓட்டினால் தவறு அவருடையது. சாலையில் நடப்பவரும் மாடும் விழுந்த மரமும் பின்விளக்கு வைத்துக்கொள்வதில்லை. மேலும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அணைந்த நேரத்தில் மோதப்பட்டால் பழி அவர் மேலேயே விழும்.

1927-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சமரசத்துக்கு வந்தது. சிவப்பு விளக்கு இல்லையேல் சிவப்புப் பிரதிபலிப்பான் போதும் என்றது. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது, வான்தாக்குதலுக்கு அஞ்சி ஊரெங்கும் விளக்குகளை மறைத்துவைத்த இருட்டடிப்பில், பின்விளக்கு கட்டாயமாயிற்று. போர் முடிந்த பிறகும் அந்தக் கட்டாயம் விலகவில்லை. பின்விளக்கு வந்ததில் எனக்குக் குறையில்லை, நானே இரண்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் “பார்க்க வேண்டியவர் பார்க்கட்டும்” என்ற நிலையிலிருந்து “பார்க்கப்பட வேண்டியவர் தம்மைக் காட்டிக்கொள்ளட்டும்” என்ற நிலைக்குச் சாலையின் பொறுப்பு இடம் மாறியது அந்தச் சிறு சிவப்புக் கண்ணாடியில்தான் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.


நூலிழை (மறுமொழி):

ஆரக்கால் ஐயா விளக்கைச் சொன்னார். நான் உடையைப் பற்றி எழுதுகிறேன். தையல் என் தொழில் என்பதால் இந்தப் பக்கத்தில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

மிதிவண்டி உடையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெண்களின் உடையில் தொடங்குவது தற்செயலல்ல. பெரிய முன்சக்கர வண்டியில் ஏறுவது பாவாடை உடுத்தியவர்களுக்கு ஏறக்குறைய இயலாத காரியம். அதனால் வசதி படைத்த பெண்கள் மூன்று சக்கர வண்டியை நாடினார்கள். 1881-இல் விக்டோரியா அரசியே இரண்டு மூன்று சக்கர வண்டிகளை வாங்கினார். ஜான் கெம்ப் ஸ்டார்லி கோவென்ட்ரியில் 1885-இல் ரோவர் வண்டியை உருவாக்கி, இரண்டு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயினால் சுழற்றிய பிறகு நிலைமை மாறியது. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து குலுக்கலைக் குறைத்தது. குறுக்குப் பாரைத் தாழ்த்தி வளைத்த சட்டகமும் விரைவில் வந்தது. பாரைத் தாழ்த்தியது பாவாடைக்காகத்தான். அதாவது, முதலில் உடைக்கு ஏற்ப இரும்பு வளைந்தது.

இருந்தும் பாவாடை செயினில் சிக்கியது, ஆரக்கால்களில் சுற்றியது, காற்றில் உயர்ந்தது. இதற்கு மூன்று வகையான தீர்வுகள் தோன்றின. வண்டிக்குச் செயின் பெட்டியும், பின்சக்கரத்தின் இருபுறமும் நூல்வலையும் மாட்டினார்கள். பாவாடையின் கீழ்விளிம்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தார்கள். மூன்றாவது, உடையையே மாற்றுவது. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஆலிஸ் பைகிரேவ் என்ற தையல்காரர் 1895-இல் ஒரு பாவாடைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் முன்னும் பின்னும் தையல் மடிப்புக்குள் கயிறும் கப்பியும் மறைந்திருக்கும். வண்டியில் ஏறுமுன் கயிற்றை இழுத்தால் பாவாடை திரைச்சீலை போல மேலே சுருங்கும், இறங்கியதும் தளர்த்தினால் வழக்கமான பாவாடையாகிவிடும். அந்த வரைபடத்தை நான் துணியில் தைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். கப்பி ஓடும் தடத்தில் துணி சுருண்டுகொள்ளாமல் வைப்பதற்கே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பார்ப்பவருக்கு எதுவும் தெரியக் கூடாது, ஆனால் ஓட்டுபவருக்கு எல்லாம் கைகொடுக்க வேண்டும் என்ற அந்த நோக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்பதற்கு 1898-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியே போதும். உடைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட ஹார்பர்ட்டன் சீமாட்டி, சர்ரே மாவட்டத்தின் ஆக்கம் என்ற ஊரில் இருந்த விடுதிக்கு அகன்ற கால்சட்டை அணிந்து மிதிவண்டியில் போனார். பெண்கள் அமரும் காபி அறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மதுக்கூடத்தின் பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள். ஆரக்கால் ஐயா குறிப்பிட்ட அதே கிளப் அவருக்காக வழக்குக்கு ஆதரவு தந்தது. 1899-இல் வழக்கு தோற்றது. பாரிஸில் பெண்கள் கால்சட்டை அணிய அனுமதி பெற வேண்டும் என்று 1800-இல் பிறந்த ஆணை ஒன்று இருந்தது. 1892-லும் 1909-லும் அது சற்றுத் தளர்த்தப்பட்டது. குதிரையின் கடிவாளத்தையோ மிதிவண்டியின் ஹேண்டில்பாரையோ கையில் பிடித்திருந்தால் கால்சட்டை அணியலாம் என்றார்கள். அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013-இல்தான். கையில் ஹேண்டில்பார் இருந்தால் ஓர் உடை சட்டப்படி சரியாகிறது, கையை எடுத்தால் தவறாகிறது! நெடுவழி ஐயா கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை: இங்கே வழக்கம் முந்தியது, விதி நூறு ஆண்டுக்கு மேல் பின்தங்கியது.

1894 ஜூனில் பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரியின் பயணத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட பாவாடையோடும் ஏறக்குறைய 19 கிலோ எடையுள்ள பெண்கள் வண்டியோடும் கிளம்பிய அவர், சிகாகோவில் அதில் பாதி எடையே உள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார். பாவாடை முதலில் அகன்ற கால்சட்டையானது, பிறகு ஆண்களின் சவாரி உடையானது.

ஆண்களின் உடையும் மாறாமல் இல்லை. முழங்காலுக்குக் கீழே இறுகும் அரைக்காற்சட்டையும் நீண்ட காலுறையும் அந்த நாளைய ஆண்களின் மிதிவண்டி உடை. கிளப் உறுப்பினர்களுக்குச் சீருடையும் இருந்தது. பிற்காலத்தில் முழுக்காற்சட்டை அன்றாட உடையானபோது உங்கள் கிளிப் பிறந்தது. பந்தய வீரர்களின் கம்பளி அரைக்காற்சட்டையை விரட்டியது, 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த நீளும் இழை. அது பந்தயத்திலிருந்து வார இறுதி ஓட்டத்துக்கும், அங்கிருந்து வேலைக்குப் போகும் சாலைக்கும் இறங்கி வந்தது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் மக்கள் இன்றும் தாங்கள் உடுத்தியிருப்பதைக் கொண்டே வண்டி ஓட்டுகிறார்கள், ஏனெனில் அங்கே அன்றாட வண்டிகள் செயின் பெட்டியையும் மட்கார்டையும் பாவாடைத் தடுப்பையும் கைவிடவில்லை. வண்டியே முழுதாக உடுத்தியிருப்பதால் ஓட்டுபவர் தனியாக எதையும் உடுத்த வேண்டியதில்லை. எடைக்காகவும் தோற்றத்துக்காகவும் வண்டி எங்கெல்லாம் அவற்றைக் களைந்ததோ, அங்கெல்லாம் ஓட்டுபவர் கிளிப்பையும் மாற்றுடையையும் சுமக்க வேண்டியதாயிற்று. உங்கள் மகளின் வண்டிக்கு ஒரு ஜோடி மட்கார்டு மாட்டிக்கொடுங்கள் ஐயா. மழைநாளில் அவள் முதுகில் சேற்றுக்கோடு விழாது.


நெடுவழி:

ஆரக்கால் ஐயாவுக்கும் நூலிழை அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. “வண்டியே உடுத்தியிருக்கிறது” என்ற வரியை மகளிடம் படித்துக் காட்டினேன். மட்கார்டு மாட்டச் சம்மதித்துவிட்டாள். பழைய செயின் கவரை நான் இதுவரை எடைச் சுமையாகவே எண்ணியிருந்தேன்.

ஆனால் அவள் தன் தரப்பில் உறுதியாக நிற்பது தலைக்கவசத்தில். “இது சட்டமாகவே இருக்க வேண்டும்” என்கிறாள். நாடுகளுக்கிடையே இதில் இத்தனை வேறுபாடு ஏன் என்று யாராவது விளக்குவீர்களா?


வளைவுப்பாதை (மறுமொழி):

தலைக்கவசத்தைப் பற்றி எழுதினால் விவாதம் சூடாகிவிடும் என்று தெரிந்தே எழுதுகிறேன், ஏனெனில் ஒருமுறை ஈரச் சாலையில் சறுக்கி விழுந்தபோது என் தலைக்கு வந்திருக்க வேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அதில்லாமல் நான் வண்டியில் ஏறுவதில்லை. ஆனால் என் அனுபவம் வேறு, எல்லாருக்குமான சட்டம் வேறு என்பதையும் அதே காலத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மிதிவண்டிக்குத் தலைக்கவசம் என்பதே மிகப் பிந்திய சிந்தனை. பழைய பந்தய வீரர்கள் அணிந்தது தோல் பட்டைகளைப் பின்னிய ஒரு கூடை. அது காதைத் தேய்ப்பிலிருந்து காக்குமே தவிர மோதலைத் தாங்காது. கடினமான மேலோட்டின் உள்ளே விரிவாக்கிய பாலிஸ்டைரீன் நுரை வைத்த முதல் நவீன மிதிவண்டித் தலைக்கவசமாகப் பலரும் கருதுவது, பெல் நிறுவனம் 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பைக்கர் என்ற மாதிரியை. அந்த நுரையின் வேலை நசுங்குவது. தலை நிற்கும் நேரத்தை அது சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி நீட்டிக்கிறது. அந்த நீட்டிப்பில் மூளை தாங்க வேண்டிய விசை குறைகிறது. நசுங்கிய நுரை மீளாது என்பதால்தான் ஒருமுறை அடிவாங்கிய தலைக்கவசத்தை மறுபடி அணியக் கூடாது என்கிறார்கள். என்னுடையதில் மேலே பார்த்தால் ஒரு கீறல்கூடச் சரியாகத் தெரியவில்லை; உள்ளே நுரை வெடித்திருந்தது.

அது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதையும் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 1078 தரத்தின்படி, தலைக்கவசத்தை ஒரு தட்டையான தளத்தின் மேல் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வரும் வேகம் அது. மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டியிலிருந்து தலை தரையில் விழும் விபத்துக்கு இது பொருத்தமான சோதனை. வேகமாக வரும் மோட்டார் வண்டி மோதுவதற்கு ஈடுகொடுக்கும் என்று இந்தத் தரம் எங்கும் வாக்களிக்கவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். உலகிலேயே முதலில் எல்லா வயதினருக்கும் இதைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1 முதல். அந்நாட்டின் மற்றப் பகுதிகளும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 1994-இல் சேர்ந்தது. அங்கே தலைக்காயங்கள் குறைந்தன. அதே நேரத்தில் மிதிவண்டி ஓட்டுபவர்களும், குறிப்பாகப் பதின்வயதினர், குறைந்தார்கள். காயம் குறைந்ததில் எவ்வளவு பங்கு தலைக்கவசத்துக்கு, எவ்வளவு பங்கு ஓட்டம் குறைந்ததற்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. பொதுவாடகை மிதிவண்டிகள் வந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. நினைத்த இடத்தில் எடுத்து நினைத்த இடத்தில் விடும் வண்டிக்காக யாரும் நாள் முழுக்கத் தலைக்கவசத்தைச் சுமப்பதில்லை. மெக்சிகோ நகரம் 2010-இல் தன் கட்டாய விதியை நீக்கியது. இஸ்ரேல் 2011-இல் நகருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு விலக்களித்தது. அமெரிக்காவில் சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி 2022-இல் விதியைக் கைவிட்டது. அங்கே முக்கியக் காரணம், அந்த அபராதம் வீடற்றவர்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் அளவுக்கு மீறி விழுந்தது.

ஸ்பெயின் நடுவழியைத் தேர்ந்தது: ஊருக்கு வெளியே எல்லாருக்கும், ஊருக்குள் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய “முயல வேண்டும்” என்று சட்டத்தில் எழுதியது. அணியாதவருக்கு அபராதம் இல்லை. இந்த வடிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல வழக்கத்தை அரசு தன் குரலில் சொல்கிறது, ஆனால் தலைக்கவசம் இல்லை என்பதற்காக ஒரு மூதாட்டியின் சந்தைப் பயணத்தை நிறுத்துவதில்லை.


ஆரக்கால்:

வளைவுப்பாதை எழுதியது நேர்மையான பதிவு. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொறுப்பு மிதிவண்டிக்காரரின் தலையில் வந்து சேர்ந்த கதையைச் சொன்னோம். அது அண்மைக் காலத்தில் ஓரளவு திரும்பிப் போவதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதையாகிவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1973-லேயே, மிதிவண்டியை முந்தும் மோட்டார் வண்டி குறைந்தது மூன்றடி விலகிச் செல்ல வேண்டும் என்று எழுதியது. ஜெர்மனி 2020-இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று அளவை வரையறுத்தது. பிரிட்டனின் சாலைவிதி நூல் 2022-இல் திருத்தப்பட்டபோது, அமைதியான தெருக்களிலும் குறுகலான இடங்களிலும் மிதிவண்டிக்காரர் தடத்தின் நடுவே ஓட்டலாம் என்று தெளிவாகவே சொன்னது. “ஓரமாகப் போ” என்ற குரலைக் கேட்டே வளர்ந்த என் தலைமுறைக்கு இது சிறிய மாற்றமல்ல.

இன்னொரு வகை விதியும் உண்டு, அதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்: வரி. பிரான்ஸ் 1893 முதல் 1958 வரை மிதிவண்டிக்கு வரி வாங்கியது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஓர் உலோகத் தகட்டை வண்டியில் பொருத்த வேண்டும். நெதர்லாந்திலும் 1924 முதல் 1941 வரை அப்படித்தான். அங்கே வேலையிழந்தவர்களுக்குத் தகடு இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அதில் ஒரு துளை போடப்பட்டிருந்தது. வறுமையை எல்லாரும் பார்க்கும்படி வண்டியில் மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டிய அந்தத் துளையைப் பற்றிப் படித்தபோது நான் மிகவும் வருந்தினேன். சுவிட்சர்லாந்தில் காப்பீட்டு ஒட்டுவில்லை 2011 இறுதி வரை கட்டாயமாக இருந்தது.

புதிய விதிகளில் பெரும்பாலானவை கைப்பேசியைப் பற்றியவை. நெதர்லாந்து 2019 ஜூலை முதல் ஓட்டும்போது அதைக் கையில் பிடிப்பதைத் தடைசெய்தது; ஜப்பான் 2024 நவம்பரில் தண்டனையைச் சிறைவாசம் வரை கடுமையாக்கியது. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.


கார்பைடு (மறுமொழி):

டைனமோவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதற்காக உள்நுழைந்தேன்.

நெடுவழி ஐயாவின் வண்டியில் இருப்பது ஒரு நீண்ட வரிசையின் நடுப்பகுதி. பெரிய முன்சக்கர வண்டிகளில் எண்ணெய் விளக்கை ஆரக்கால்களுக்கு நடுவே அச்சில் தொங்கவிட்டார்கள். மேடுபள்ளத்தில் அது அணைந்துபோகும். 1890களின் பிற்பகுதியில் கார்பைடு விளக்கு வந்தது. மேல் அறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் கார்பைடின் மேல் விழ, அசிட்டிலீன் வாயு எழுந்து வெண்சுடராக எரியும். ஒளி அருமையானது, ஆனால் நாற்றமும் நாள்தோறும் சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டிக் கழுவும் வேலையும் கூடவே வந்தன. அதன்பின் டயரில் உரசும் டைனமோ. 1936-இல் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் அதைச் சக்கர அச்சுக்குள்ளேயே வைத்தது.

ஜெர்மனி நெடுங்காலம் டைனமோவையே கட்டாயமாக வைத்திருந்தது: 6 வோல்ட், 3 வாட். மின்கலம் தீர்ந்துவிட்டது என்ற சாக்கு அதில் எழாது என்பதே அதன் நியாயம். 2013-இல்தான் மின்கல விளக்கும் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். கண்சிமிட்டும் விளக்கை பிரிட்டன் 2005-இல் ஏற்றுக்கொண்டது; ஜெர்மனி இன்னும் ஏற்கவில்லை. தொலைவைக் கணிக்க நிலையான ஒளியே உதவும் என்பதால் ஜெர்மனியின் பக்கமே நான் நிற்கிறேன்.

பழைய டைனமோவின் இரண்டு குறைகள், வண்டி நின்றால் விளக்கும் அணைவதும், மழையில் உருளை டயர் மேல் வழுக்குவதும். முதலாவதை ஒரு சிறு மின்தேக்கியும் எல்இடியும் தீர்த்துவிட்டன; நின்ற பிறகும் சில நிமிடம் ஒளி நிற்கும். இரண்டாவதை அச்சு டைனமோ தீர்த்தது. ஐயா, உங்கள் டைனமோவைக் கழற்றி எறிய வேண்டாம். பழைய குண்டு பல்பு இருக்கும் இடத்தில், டைனமோவின் மாறுமின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட எல்இடி விளக்கை மாட்டுங்கள். உருளை டயரின் பக்கச் சுவரில் நேராக அமர்கிறதா, அதன் அச்சுக்கோடு சக்கரத்தின் மையத்தை நோக்குகிறதா என்று ஒரு நூலைப் பிடித்துச் சரிபாருங்கள். பிறகு இரண்டு வண்டிகளையும் இருட்டிய பின் பக்கத்தில் நிறுத்தி, எது எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று மகளோடு சேர்ந்து பாருங்கள். முடிவை இங்கே எழுதினால் மகிழ்வேன்.